பிரதம விருந்தாளிக்குக் கடவுச்சொல் இல்லை

மனித நாகரிகம் மூன்று பாய்ச்சலில் முன்னேறியது. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசி மாதம், திருகோணமலை உட்துறைமுக வீதியில், 'கரையோர மறுவாழ்வு நம்பிக்கை நிதிய'த்தின் மாநாட்டு மண்டபத்தில் நிகழ்ந்தது. (மாநாட்டு மண்டபம் என்பது, கார் இல்லாத காரணத்தால் கதிரை போடப்பட்ட கராஜ்.) நிதியத்தின் தரவுத்தளத்துக்குள் தொலைவிலிருந்து வருகிறவர்களைக் கடவுச்சொல் கேட்டு உள்ளே விடுவது என்று அங்கே ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. நெருப்பைக் கண்டுபிடித்தவர்களிடம் கூட்ட அறிக்கை கிடையாது. நிதியத்திடம் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஆனந்தராசாவும் இருந்தார். நிதியத்தின் கணனிப் பொறுப்பாளர். அவருடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கிற பேனை பணிப்பாளரின் சட்டைப் பையில் இருந்தது. ஆகவே ஆனந்தராசா கணனியோடு பல மொழிகளில் பேசுவார். மனிதரோடு இரண்டே சொல்லில் பேசுவார். "ஓம் சேர்."

பணிப்பாளர் கனகசுந்தரம் இளைப்பாறிய பிரதம லிகிதர். அவரது மேதைமை அழைப்பிதழில் இருந்தது. மூன்று இனமும் நாலு மதமும் எண்ணற்ற சங்கங்களும் உள்ள ஒரு பட்டினத்தில், யாருடைய பெயருக்குக் கீழே யாருடைய பெயரைப் போடுவது என்பது சின்ன விசயமல்ல. ஒரு வரி மாறினால் ஒரு சங்கம் உடையும். கனகசுந்தரம் போட்ட அழைப்பிதழால் இதுவரை எந்தச் சங்கமும் உடைந்ததில்லை. நிதியத்தின் பணிப்பாளராக அவரைத் தெரிவுசெய்வதற்கு அதைவிட வேறு தகுதி தேவைப்படவுமில்லை.

சரி, எதற்காக இந்தக் கடவுச்சொல்? தகரத்துக்காக.

சுனாமி வந்து போய் இரண்டாவது மாரி தலைக்கு மேலே நின்றது. குறிஞ்சாக்கேணியில் இன்னும் குடும்பங்கள் கூடாரத்தில் கிடந்தன. அந்தக் கூடாரத் துணி ஒரு மாரிக்கென்று தைக்கப்பட்டது. இரண்டாவது மாரியைப் பற்றி அதற்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. கூரைத் தகரமோ பட்டினத்துக் களஞ்சியத்தில், நனையாமல், பத்திரமாக அடுக்கியிருந்தது. குறிஞ்சாக்கேணிக் கிளையின் ஒரே அலுவலரான ஜெமீலா கூடாரம் கூடாரமாகப் போய், யார் இருக்கிறார்கள், எது ஒழுகுகிறது என்று பார்த்து முடித்துவிட்டார். ஆனால் அதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் தகரம் வராது. நிதி கொடுக்கிறவர்கள் 'தாளற்ற நிர்வாகம்' கேட்டிருந்தார்கள். கிளை அலுவலர் கிளையில் இருந்தபடியே தலைமையகத்துத் தரவுத்தளத்துக்குள் வந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரே 'உறுதி' என்று பதியவேண்டும். பதிந்தால் களஞ்சியம் திறக்கும். மாதம் முடிய முதல் பதியாவிட்டால் தகரம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

"சேர், இந்தத் தரவுத்தளம் இப்ப வெளியில ஆர் கூப்பிட்டாலும் கேக்காது," என்று ஆனந்தராசா விளக்கத் தொடங்கினார். "தன்ர வீட்டுக்குள்ள கதைக்கிறது மட்டுந்தான் அதுக்குக் கேக்கும். முதல்ல வெளியாக்களின்ர குரலையும் கேக்கச் சொல்லோணும்."

பணிப்பாளர் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்படித்தான்.

"பிறகு ஒரு கோப்பு இருக்கு சேர். ஆர் வாறார், எங்கயிருந்து வாறார், எந்த அறைக்குப் போகப்போறார், உள்ள விட என்ன காட்டோணும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி."

நிர்வாக அலுவலர் கமலேஸ்வரி குறிப்பெழுதுவதை நிறுத்தினார். "அட தம்பி, இது எங்கட சந்திச் செக்பொயின்ட் எல்லோ!"

"ஓம் மிஸ்."

"அப்ப பழகின சாமான்." கனகசுந்தரம் கதிரையில் நிம்மதியாகச் சாய்ந்தார். "இதைக் கண்டுபிடிச்ச வெள்ளைக்காரன் ஒரு கிழமையெண்டாலும் திருகோணமலையில நிண்டிருக்கோணும்."

"ஒரு விசயம் சேர். அது மேலயிருந்து கீழ வாசிக்கும். பொருந்திற முதல் வரியைக் கண்டோடன அதில நிண்டிடும். மிச்சத்தை வாசிக்காது."

"நல்ல பழக்கம். அழைப்பிதழ் கிடைச்சவையும் அப்பிடித்தான். தன்ர பேர் வந்தோடன மடிச்சுப் பையுக்குள்ள வைச்சிடுவினம்." கோப்பு என்பது ஓர் அழைப்பிதழே என்ற உண்மை அந்தக் கணத்தில் பணிப்பாளருக்குப் புலப்பட்டது. பேனையை எடுத்தார். "சொல்லும், ஆர் ஆர் வரப்போகினம்?"

"குறிஞ்சாக்கேணியிலயிருந்து ஜெமீலா மிஸ். கடவுச்சொல்லோட. மற்ற ஆக்கள் எல்லாருக்கும் தடை எண்டு ஒரு வரி கடைசியில."

"கடைசியிலயோ?" என்று கமலேஸ்வரி குறுக்கிட்டார். நிதியத்தின் பாதுகாப்பு அவருடைய கையில் இருந்தது. கராஜ் பூட்டின் திறப்பும் அவருடைய கையில்தான் இருந்தது. "தம்பி, 'அனுமதியின்றி உட்பிரவேசித்தல் தடை' எண்டு பலகை எழுதினால் எங்க தொங்கவிடுறது? படலையிலயோ, பின்பக்கக் கிணத்தடியிலயோ?"

"படலையில மிஸ். ஆனால் இது…"

"அப்ப முதல் வரியில போடும்."

"போட்டால் ஒருத்தரும்…"

"அனுமதியில்லாதவை ஒருத்தரும் வரமாட்டினம். அதுதானே வேணும்?" என்றார் பணிப்பாளர், பேனையைச் சட்டைப் பையில் திருப்பிச் செருகியபடி.

ஆனந்தராசா அந்தப் பேனையைப் பார்த்தார். "ஓம் சேர்."

இவ்வாறு, எல்லோருக்கும் தடை என்ற வரி படலையில் ஏறியது. ஜெமீலாவின் வரி கிணற்றடிக்குப் போனது. கோப்பு அச்சிடப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. ஒவ்வொரு நாள் காலையிலும் கமலேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணனியில் உள்ள வரிகளையும் சட்டத்துக்குள் உள்ள வரிகளையும் ஒத்துப்பார்ப்பார். ஒரு காற்புள்ளி தப்பாது.

அடுத்ததாகக் கடவுச்சொல் தெரிவுக் குழு கூடியது. ஆள் பெயர் கூடாது, சாதி தெரியும். கடவுள் பெயர் கூடாது, மதம் தெரியும். பூவின் பெயர் சொல்லப்பட்டபோது, அது எந்தக் கட்சியின் பூ என்ற விவாதம் தேநீர் இடைவேளை வரை நீண்டது. கடைசியில் ஊரின் ஆங்கிலப் பெயரையே வைத்து, பின்னால் ஆண்டையும் ஓர் ஆச்சரியக்குறியையும் சேர்ப்பதென முடிவாயிற்று. ஊருக்கே தெரிந்த பெயர் என்பதால் அதை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பது பணிப்பாளரின் வாதம்.

அதைக் கிளைக்கு அறிவிக்க வேண்டும். தாளில் அனுப்ப ஏலாது, நிர்வாகம் தாளற்றது. கமலேஸ்வரி தொலைபேசியை எடுத்தார். கராஜ் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எழுதுங்கோ ஜெமீலா. முதல் எழுத்து பெரிய 'டீ'."

"'டீ'யா 'பீ'யா மிஸ்? லைன் இரையுது."

"'டீ'! 'டீ' ஃபோர்…"

கமலேஸ்வரியின் வாய் திறந்தபடியே நின்றது. பள்ளிக்கூடத்து ஆங்கில அரிச்சுவடியில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் உடம்பும் கறுப்பு வரியுமாக ஒரு மிருகம் நின்றது. தலைமுறை தலைமுறையாக அந்த எழுத்துக்கு அந்த மிருகம்தான். அந்த மிருகத்தின் பெயரை அந்தக் காலத்துத் திருகோணமலையில் தொலைபேசியில் சொன்னால், பின்னேரம் தொலைபேசி இருக்கும். சொன்னவர் இருக்க மாட்டார்.

கனகசுந்தரம் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். "டீ ஃபோர் டீ! டீ ஃபோர் டீ!"

"டீ ஃபோர் டீ," என்றார் கமலேஸ்வரி, நெற்றியைத் துடைத்தபடி.

"தேத்தண்ணியா மிஸ்?"

"ஓம், ஓம், தேத்தண்ணி!"

"சீனி போட்டா, போடாமயா?"

இப்படியாக, தலைமையகத்துக்கும், கிளைக்கும், இடையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் மட்டுமே தெரிந்த பரம இரகசியமாகக் கடவுச்சொல் ஒப்படைக்கப்பட்டது.

மறுநாட் காலை ஜெமீலாவின் அழைப்பு ஆனந்தராசாவுக்கு வந்தது. "தம்பி, நிராகரிக்கப்பட்டது எண்டு சொல்லுது."

"திருப்பி ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ அக்கா."

"விடிஞ்சதிலயிருந்து அடிக்கிறன். எழுத்தெல்லாம் தேஞ்சி போகுது."

அவசரக் கூட்டம் கூடியது. ஆனந்தராசா இருந்த துணிவை எல்லாம் திரட்டினார். "சேர், கடவுச்சொல் பிழையில்லை. அது கடவுச்சொல்லைப் பாக்கவேயில்லை. முதல் வரித் தடையோட நிண்டிட்டுது."

"தடை வேலை செய்யுது!" கமலேஸ்வரியின் முகம் மலர்ந்தது. சபை கைதட்டியது. தடைக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

ஜெமீலா உள்ளே வர முடியாததற்குக் காரணம் கடவுச்சொல்லின் பலவீனமே என்று பணிப்பாளர் முடிவுகட்டினார். அது நீட்டப்பட்டது. மறுபடியும் நிராகரிப்பு. மறுபடியும் நீட்டினார்கள். கடவுச்சொல் கடவுவாக்கியமாகி, கடைசியில் கடவுப்பந்தியாகியது. ஒவ்வொரு முறையும் கமலேஸ்வரி தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொன்னார். தேத்தண்ணி வரும் இடமெல்லாம் ஜெமீலா பெருமூச்சு விட்டார். இடையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் விட்டிருப்பார்கள்.

ஒரு நாள் ஜெமீலா நேரிலேயே வந்து நின்றார்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து பட்டினம் வருவதென்றால் இரண்டு பாதை ஏறவேண்டும். அங்கே 'பாதை' என்பது தண்ணீரில் மிதப்பது. ஆளையும் சைக்கிளையும் ஆட்டையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும் தட்டை வள்ளம். இரண்டு பாதைக்கும் நடுவிலும் பின்னாலும் தடைமுகாம்கள். ஜெமீலாவின் முக்காட்டு ஓரம் வியர்வையில் ஊறியிருந்தது. அடையாள அட்டையை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு தரமும் பைக்குள் வைத்து எடுப்பது வீண் வேலை.

"சேர், நேவிக்கு நான் ஜெமீலா. ஆமிக்கு நான் ஜெமீலா. பொலிசுக்கும் நான் ஜெமீலா. உங்கட பெட்டிக்கு மட்டுந்தான் நான் ஆரோ."

"அப்பிடிச் சொல்லக்கூடாது பிள்ளை. அது எல்லாரையும் ஒரே மாதிரித்தான் நடத்துது."

"சரி சேர். வந்தது வந்திட்டன். இந்தக் கணனியில இருந்தே எல்லாரையும் பதிஞ்சிட்டுப் போறன். ஒரு மணித்தியால வேல."

கனகசுந்தரம் அதிர்ந்துபோனார். "இந்தத் திட்டத்தின்ர பேர் என்ன?"

"தொலைநிலைப் பதிவு."

"இப்ப நீர் எங்க நிக்கிறீர்?"

"உங்கட முன்னால."

"முன்னால நிண்டு பதிஞ்சால் அது கிட்டநிலை. நிதி குடுக்கிறவைக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"அப்ப கொஞ்சம் தள்ளி நிக்கட்டா சேர்? படலைக்கு வெளிய?"

"இரண்டு பாதை தள்ளி," என்றார் பணிப்பாளர் அன்பாக.

ஜெமீலா உடனே போகவில்லை. "சேர், எங்கட சுபைதா ராத்தா இரிக்கா. அவட கூடாரத்துக்குள்ள படுத்தா வானம் தெரியும். முந்தாநாள் ஒரு தூறல். பிள்ளையள எழுப்பி மூலையில இருத்திப்போட்டு, பாயச் சுருட்டி நெஞ்சோட வச்சிக்கிட்டு நிண்டிரிக்கா. அது மழையில்ல சேர், ஒத்திகை. மழை இனித்தான்."

பணிப்பாளர் கண் கலங்கினார். "குறிச்சுக்கொள்ளுங்கோ கமலேஸ்வரி. 'பயனாளிகளின் மனவுறுதி மெச்சத்தக்கது.'"

வெளியே, சுவரோரம், ஜெமீலா ஆனந்தராசாவை மறித்தார். "தம்பி, உண்மையச் சொல்லுங்க. கோளாறு எங்க?"

ஆனந்தராசா அங்குமிங்கும் பார்த்தார். "மேல அக்கா."

"மேலயெண்டா? பணிப்பாளரிலயா?"

"கோப்பில மேல. முதல் வரியிலயே எல்லாரையும் மறிச்சுப்போட்டுது. உங்கட வரி கீழ கிடக்கு. அங்க வரைக்கும் அது வந்து பாக்காது."

"அப்ப எத்தின முழத்துக்குக் கடவுச்சொல் தந்தாலும்…"

"ஓம்," என்றார் ஆனந்தராசா. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'சேர்' வரவில்லை.

"ரெண்டு வரியையும் மாத்திப் போடேலாதா?"

உள்ளே, கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் நின்று கமலேஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனந்தராசா அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். ஜெமீலா அடையாள அட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு முதலாவது பாதைக்கு நடந்தார்.

மாதம் முடிய ஒரு கிழமை இருக்கையில், நிதி கொடுக்கிற அமைப்பின் பிரதிநிதியான வெள்ளைக்காரத் துரை ஒருவர் 'தொலைநிலைப் பதிவை' நேரில் காணக் கொழும்பிலிருந்து வருகிறார் என்று செய்தி வந்தது. நிதியம் சிலிர்த்து எழுந்தது. தகரத்துக்காக ஒரு தடவையும் ஓடாத வாகனம் பொன்னாடை வாங்க இரண்டு தடவை ஓடியது. அழைப்பிதழ் அடித்தாயிற்று. துரை குறிஞ்சாக்கேணிக்கே சென்று, அங்கிருந்து தலைமையகத் தரவுத்தளத்துக்குள் 'முதற்பிரவேசம்' செய்து வைப்பார்.

"சேர், அவருக்கு என்ன கடவுச்சொல் போடுறது?" என்று ஆனந்தராசா கேட்டார்.

கமலேஸ்வரி குறிப்பெழுதிய பேனையைக் கீழே வைத்தார்.

"பிரதம விருந்தாளியிட்டக் கடவுச்சொல் கேக்கிறதோ?" கனகசுந்தரம் காதைப் பொத்தினார். "மாலையோட வாற மனிசனை மறிச்சு, ஐடென்டிக் கார்ட்டை எடும் எண்டு சொல்லுறதோ? என்ர நாப்பது வருச சேவையில இப்பிடி ஒரு அவமரியாதை நடக்கேல்லை."

"அப்ப வேற முறையள் இருக்கு சேர். கடவுச்சொல் கேக்கலாம். மறிக்கலாம். இல்லையெண்டால் 'ட்ரஸ்ட்' எண்டு போடலாம்."

"என்ன சொன்னீர்?"

"'ட்ரஸ்ட்' சேர். நம்பிக்கை. பேரைச் சொன்னால் போதும், ஒண்டும் கேக்காமல் உள்ள விட்டிடும்."

பணிப்பாளர் மெதுவாக எழுந்து நின்றார். "தம்பி, எங்கட நிதியத்தின்ர பேரையே அதுக்குள்ள வைச்சிருக்கிறாங்கள். நீர் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை!"

"ஓம் சேர்."

"உடன போடும்."

"எங்கயிருந்து வருவார் எண்டு போடுறது?"

"எங்கயிருந்தும் வருவார். பிரதம விருந்தாளி."

"எந்த அறைக்குள்ள விடலாம்?"

"அவருக்கு எந்த அறையைப் பூட்டிவைக்கப் போறீர்? எல்லா அறையும்."

"என்ன பேரில?"

"ஆளின்ர பேர் வேண்டாம். அடுத்த வருசம் வேற ஆள் வருவார். 'சீஃப்கெஸ்ட்' எண்டு போடும். ஆள் மாறும், பதவி நிரந்தரம்."

"எந்த வரியில சேர்?"

"இது என்ன கேள்வி? முதல் வரியில!"

கமலேஸ்வரி தயங்கினார். "தடைக்கும் மேலயோ?"

"பிரதம விருந்தாளி வாற நேரம் படலையில தடைப் பலகை தெரியலாமோ? அதுக்கு மேல மாலை தொங்கோணும்."

ஆனந்தராசா எழுதினார். எழுதும்போது அவருடைய உதட்டோரம் லேசாக அசைந்ததைக் கூட்ட அறிக்கை பதியவில்லை. "ஓம் சேர்" என்று அவர் சொன்னது மட்டும் பதிவாகியிருக்கிறது. சட்டத்துக்குள் புதிய தாள் மாட்டப்பட்டது. கமலேஸ்வரி ஒத்துப்பார்த்தார். சரியாக இருந்தது.

விழா நாளன்று குறிஞ்சாக்கேணிக் கிளைக் கந்தோரில் கால் வைக்க இடமில்லை. துரை ஜெமீலாவின் கதிரையில் அமர்ந்தார். ஜெமீலா பக்கத்தில் குளிர்பானத் தட்டோடு நின்றார். யன்னலுக்கு வெளியே கூடாரங்கள் தெரிந்தபடியால் யன்னலுக்குப் பதாகை கட்டப்பட்டிருந்தது. துரை இரண்டு விரலால் 'சீஃப்கெஸ்ட்' என்று அடித்தார். திறந்தது. கைதட்டல் யன்னல் பதாகையை ஆட்டியது. துரை முதற் பக்கத்தைப் பார்த்து, "வெரி குட்," என்றார். அத்தோடு முதற்பிரவேசம் இனிதே நிறைவுற்றது.

"பாத்தீங்களோ? பேரை மட்டும் அடிச்சார், திறந்தது!" என்று கனகசுந்தரம் சபைக்கு அறிவித்தார். "கடவுச்சொல் ஒண்டும் இல்லை!"

"பேர மட்டும் அடிச்சாப் போதுமா சேர்?" என்று தட்டோடு நின்ற ஜெமீலா கேட்டார்.

"அவர் அடிச்சால் போதும்."

"அவர்தான் அடிக்கிறார் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆனந்தராசாவுக்குத் திடீரென்று பெரிய இருமல் வந்தது.

"நம்பிக்கை, பிள்ளை," என்றார் பணிப்பாளர், கண்களை மூடி. "நம்பிக்கை."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முதல் பாதையைப் பிடிக்கவேண்டும், இருட்டுக்கு முதல் தடைமுகாம்களைத் தாண்டவேண்டும் என்று எல்லோரும் அவசரமாக வாகனத்தில் ஏறினார்கள். கூடாரங்களைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. துரையை நிலாவெளியில் அவருடைய ஹோட்டலில் இறக்கிவிட்டு, மற்றவர்கள் தலைமையகம் வந்து சேர்ந்தார்கள். மழை வந்தது. இந்த முறை ஒத்திகையல்ல.

ஆனந்தராசா ஈரச் சட்டையோடு கணனியின் முன் உட்கார்ந்தார். திரையில், தொலைவிலிருந்து உள்ளே வந்திருப்பவர் ஒருவர்: சீஃப்கெஸ்ட். ஒரு குடும்பத்துக்கு 'உறுதி' விழுந்தது. அடுத்ததற்கு விழுந்தது. அடுத்ததற்கு. ஆனந்தராசா தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, பிரதம விருந்தாளி இன்னும் உங்கட கந்தோரிலயோ?"

அந்தப் பக்கம் மழையோடு கேட்ட விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"ஓம் தம்பி. மழை. போகேலாமக் கெடக்காரு."

"என்ன செய்யிறார்?"

"பதியுறாரு. நல்ல மனுசன். தலை நிமிராம வேல செய்யிறாரு."

"சாப்பிட ஏதும் குடுத்தீங்களோ?"

"பிளேன்டீயும் பணிசும். சீனி போட்டு."

ஆனந்தராசா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சுபைதா ராத்தாவின்ர பேர்?"

"அத முதல்லயே பதிஞ்சிட்டாரு. மேல வச்சாத்தான் நல்லமாமே."

"கரண்ட் நிக்க முதல் முடிக்கச் சொல்லுங்கோ அவரை."

கமலேஸ்வரி திறப்புக் கோர்வையோடு அந்தப் பக்கமாக வந்தார். "ஆர் தம்பி லைன்ல?"

"பிரதம விருந்தாளி சம்பந்தமா மிஸ்."

"இருந்துகொண்டே கதைக்கிறீர்? எழும்பி நில்லும்!"

ஆனந்தராசா எழும்பி நின்றார். அன்று பிரதம விருந்தாளிக்குக் காட்டப்பட்ட மரியாதைகளில் மனதாரக் காட்டப்பட்டது அது ஒன்றுதான்.

விடிந்ததும் களஞ்சியம் திறந்தது. பிரதம விருந்தாளியே உறுதி செய்த தகரத்தை மறிக்க யாரால் முடியும்? லொறி இரண்டு பாதையும் ஏறி இறங்கியது. மழை வெளித்த இடைவெளிகளில் ஆட்கள் மரச்சட்டங்களில் ஏறி நின்று ஆணி அடித்தார்கள். சுபைதா ராத்தா முதல் தடவையாகப் பாயை விரித்து வைத்துக்கொண்டு மழையைக் கேட்டார்.

மாதக் கடைசிக் கூட்டத்தைக் கனகசுந்தரம் துரையின் புகழோடு தொடங்கினார். இப்படி ஒரு மகானைத் தன் கையால் மாலை போட்டு வரவேற்றதை அவரால் நம்ப முடியவில்லை. ஹோட்டலுக்குத் திரும்பிய மனிதர், களைப்பென்றும் பாராமல், அங்கிருந்தபடியே குறிஞ்சாக்கேணிக் குடும்பங்கள் அத்தனையையும் உறுதி செய்திருக்கிறார். தொலைநிலை என்றால் இதுவல்லவா தொலைநிலை? நன்றி தெரிவித்துக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபோது துரையும் ஒன்றும் மறுக்கவில்லை. பாராட்டை மறுத்த பிரதம விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை.

"அது மட்டுமே?" கனகசுந்தரம் திரையைப் பார்த்து வாசித்தார். "குறிப்புப் பகுதியைக் கேளுங்கோ. 'சுபைதா ராத்தாட கூடாரம் சல்லடையாக் கெடக்கு. சுணங்கினாப் பிள்ளையள் நனைஞ்சிடும்.' வந்து ஒரு பொழுதிலயே தமிழ் பழகியிருக்கிறார்! அதுவும் கச்சிதமாக் குறிஞ்சாக்கேணித் தமிழ்!"

சபை கைதட்டியது. ஆனந்தராசாவும் தட்டினார். பணிப்பாளரின் பேனை அன்று காலைதான் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்து அவருடைய ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு நீட்டியிருந்தது. துரைக்கு 'ஆண்டின் சிறந்த களப்பணியாளர்' விருது என்று தீர்மானமாயிற்று. பிறகு பணிப்பாளரின் பார்வை, விளக்கம் கேட்பதற்காக அழைக்கப்பட்டுக் கடைசிக் கதிரையில் உட்கார்ந்திருந்த ஜெமீலாவின் பக்கம் திரும்பியது. முகம் இறுகியது.

"பிள்ளை, பதிவை எல்லாம் பாத்தன். கிளையின்ர பேரில ஒரு நாளாவது, ஒருக்காவது, உள்ள வந்ததாக இல்லை. ஒரு வெள்ளைக்காரர், ஊர் தெரியாதவர், நிலாவெளிக் கடற்கரையில இருந்துகொண்டு ஒரு பின்னேரத்தில முழுக் கிராமத்தையும் பதிஞ்சிருக்கிறார். நீர் அங்கயே பிறந்து வளர்ந்தனீர். யன்னலைத் திறந்தால் கூடாரம். ஒரு குடும்பத்தையாவது பதிஞ்சனீரோ?"

ஜெமீலா எழுந்து நின்றார்.

"இல்ல சேர். அவருக்கு ஏலும். எனக்கு எப்பிடி ஏலும்? எனக்குக் கடவுச்சொல் இரிந்திச்சே."